படுத்தால் படபடக்கிறது, மூச்சிழுத்தால் குத்துகிறது

கேள்வி: டாக்டர், எனக்கு 16 வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் என் பெரியப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு 58 வயது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எனக்கு இரவில் படுத்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. தலையணையில் காதை வைத்தால் சத்தமே கேட்கிறது. கையில் கட்டியிருக்கும் வாட்ச் 118, 124 என்று காட்டுகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. பகலில் உட்கார்ந்து படிக்கும்போது இடது மார்பில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று ஒரு வலி. மூச்சை இழுத்தால் இன்னும் குத்துகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. தேர்வுக்காக இரவில் எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டுப் படிப்பேன். ஃபுட்பால் ஆடுவதை நிறுத்திவிட்டேன். இணையத்தில் தேடினால் பயம்தான் கூடுகிறது. வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே உடைந்துபோயிருப்பதால் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. 16 வயதில் மாரடைப்பு வருமா?

பதில்:

தம்பி, உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றதைப் படிக்க உனக்கு மனம் ஓடாது.

உன் பெரியப்பாவுக்கு வந்த மாதிரியான மாரடைப்பு 16 வயதில் வருவது மிக மிக அரிது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அந்த அளவுக்குப் படிவு சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். புகை, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு எல்லாம் சேர்ந்து அதை வளர்க்கும். உன் உடம்பு அந்தக் கட்டத்தில் இல்லை. நெஞ்சு வலி என்று மருத்துவரிடம் வரும் உன் வயதுப் பிள்ளைகளில், இதயத்தில் கோளாறு இருப்பது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு வலி விலா எலும்பிலிருந்தோ, தசையிலிருந்தோ, நுரையீரலிலிருந்தோ, வயிற்று அமிலத்திலிருந்தோ, மனப் பதற்றத்திலிருந்தோ வருகிறது.

சரி, அந்தச் சிலரில் நீயும் ஒருவனா? அதைத்தான் பார்க்க வேண்டும். அதற்காக நீ ஒரு முறை நேரில் ஒரு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கடிதத்தை வைத்து நான் எவ்வளவு ஊகித்தாலும் அது உன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்ததற்கு ஈடாகாது. எவ்வளவு அவசரமாகப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் கீழே உள்ள கேள்விகளுக்கு நீ சொல்லும் பதிலைப் பொறுத்தது. கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்.

ஓடும்போது, பந்தைத் துரத்தும்போது, படியேறும்போது வலி வந்ததா? ஓட்டத்துக்கு நடுவிலேயே மயங்கி விழுந்திருக்கிறாயா? ஓடி முடித்து நின்ற பிறகு கண் இருட்டுவது பலருக்கும் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது அப்படியல்ல. படபடப்பு வந்து அதோடு நினைவு தப்பியிருக்கிறதா? உன் ரத்த சொந்தத்தில் யாராவது 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருக்கிறார்களா? நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் காரணமே புரியாமல் மூழ்கிப்போனார் என்ற கதை வீட்டில் உண்டா? நீச்சலிலும் திடீர்ச் சத்தத்திலும் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும் பரம்பரைக் கோளாறுகள் சில உண்டு. அதனால்தான் அதையும் கேட்கிறோம். சின்ன வயதில் உனக்கு இதயத்தில் ஓட்டை என்றோ, ரத்தக் குழாய்களை வீங்கவைக்கும் கவாசாகி நோய் என்றோ யாராவது சொன்னார்களா? அண்மையில் வைரஸ் காய்ச்சல் வந்து, அதன் பின் நெஞ்சு வலியும் மூச்சு வாங்குதலும் ஆரம்பித்தனவா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் மருத்துவரைப் பார்க்கும் வரை விளையாட்டு வேண்டாம். இன்றோ நாளையோ போய்விடு. விடாத வலி, மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், மயக்கம் இவை வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஆம்புலன்ஸை அழை. ஒல்லியாக, உயரமாக வளரும் பையன்களுக்கு எப்போதாவது நுரையீரலின் மேலுறை ஓட்டையாகிக் காற்று கசிவதுண்டு. ஒரு பக்கம் திடீரென்று கடுமையாக வலித்து, மூச்சுத் திணறி, அது போகாமலேயே இருக்கும். அதற்கும் உடனே மருத்துவமனைதான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஃபுட்பால் ஆடுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஆடும்போது வலித்தது என்று எங்கும் எழுதவில்லை. வலித்ததால் நிறுத்தினாயா, வலித்துவிடுமோ என்று நிறுத்தினாயா? மருத்துவரிடம் நீ முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். வலி படிக்க உட்காரும்போது வருகிறது, படபடப்பு படுக்கும்போது வருகிறது, ஓடும்போது இரண்டுமே இல்லை என்றால் எங்களுக்குப் பாதி நிம்மதி.

இப்போது அந்த ஊசி வலிக்கு வருவோம். நீ எழுதியிருப்பதில் மிகத் தெளிவாக இருப்பது அதுதான். உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. பெரும்பாலும் முதுகைக் கூனிக்கொண்டு புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். இடது பக்கம், விரலால் தொட்டு 'இங்கேதான்' என்று காட்டும்படி ஒரே புள்ளி. மூச்சை இழுத்தால் கத்தி மாதிரி குத்தும். அதனால் மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு அப்படியே அசையாமல் இருப்பாய். சில நொடிகளில், அதிகம் போனால் மூன்று நிமிடத்தில், வந்த சுவடே தெரியாமல் போய்விடும். வீட்டில் பெரியவர்கள் மூச்சுப் பிடிப்பு என்று சொல்வார்கள். மருத்துவத்தில் இதற்கு 'ப்ரீகார்டியல் கேட்ச்' என்று பெயர். 1955-இல் மில்லர், டெக்சிடார் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஒருவருக்கே இந்த வலி வந்திருந்தது. நெஞ்சுச் சுவரில் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு உறுத்தப்படுவதால் வருகிறது என்று கருதுகிறார்கள். இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் வரும், இருபதைத் தாண்டும்போது பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். மருந்து எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

அடுத்த முறை அது வரும்போது ஒன்று செய்து பார். நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைப் பின்னால் தள்ளி, மெதுவாக, கொஞ்சம் வலித்தாலும் பரவாயில்லை என்று ஒரு மூச்சை முழுதாக இழு. சிலருக்கு அந்த ஒரே மூச்சில் 'டக்'கென்று ஏதோ விடுபட்ட மாதிரி வலி போய்விடும். அப்புறம், நெஞ்செலும்பின் ஓரத்தில் விலா எலும்புகள் சேரும் இடங்களை ஒரு விரலால் வரிசையாக அழுத்திப் பார். அழுத்தும்போது அதே வலி வந்தால் அது அங்கிருக்கும் குருத்தெலும்பின் வலி. கனமான புத்தகப் பை, திடீரென்று செய்த தண்டால், இருமல் இதெல்லாம் அதைக் கிளப்பிவிடும். இதய வலியை விரலால் அழுத்தி வரவழைக்க முடியாது. ஆனால் ஒன்று, அழுத்தினால் வலிக்கிறது என்பதால் மட்டும் இதயத்தில் எதுவும் இல்லை என்று நீயே முடிவு கட்டிவிடாதே. மேலே கேட்ட கேள்விகளுக்கான பதிலோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

இனி இரவு.

விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறாய். பகல் முழுக்கச் சத்தத்தில் கரைந்திருந்த துடிப்பு இப்போது கேட்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் இதயத்தின் நுனி நெஞ்சுச் சுவரை இன்னும் நெருங்கி வருகிறது, இடி பலமாகத் தெரிகிறது. தலையணையில் அழுந்திய காதுக்குப் பக்கத்திலேயே ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது, அதன் ஓசை 'டுப் டுப்' என்று காதுக்குள் கேட்கிறது. இதுவரை எல்லாம் சாதாரணம், எல்லா மனிதருக்கும் நடப்பது. அந்த நேரத்தில் உனக்குப் பெரியப்பா ஞாபகம் வருகிறது. 'எனக்கும் இப்படித்தானோ' என்று ஒரு நினைப்பு. அந்த ஒரு நினைப்பு போதும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகம் எடுக்கிறது. நீ வாட்சைப் பார்க்கிறாய், 118. பயம் கூடுகிறது. மறுபடி பார்க்கிறாய், 124. பயத்தில் மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறைந்துபோகும். அது குறைந்தால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், ஊசி ஊசியாகக் குத்தும், தலை லேசாகும். மரத்துப்போனதும், பக்கவாதமோ மாரடைப்போ என்று இன்னும் பயம். இது ஒரு வட்டம். இப்படி வரும் பதற்றத் தாக்குதல் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெதுவாக இறங்கும்.

இதை 'சும்மா மனப் பிரமை' என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதே. இதயம் உண்மையிலேயே வேகமாக அடிக்கிறது, விரல் உண்மையிலேயே மரத்துப்போகிறது. ஆனால் நன்றாக இருக்கும் இதயம், மூளை அனுப்பிய அவசரச் செய்தியைக் கேட்டு அது செய்ய வேண்டியதைச் செய்கிறது. நீ மைதானத்தில் முழு வேகத்தில் ஓடும்போது அதே இதயம் 180, 190 வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அப்போது நீ அதை எண்ணிப் பார்க்கவில்லை. 16 வயது இதயத்துக்கு 124 என்பது சுமையே அல்ல.

ஆனாலும் படபடப்பு என்றாலே பதற்றம்தான் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. இதை நான் ஒரு பெண் பிள்ளையிடமிருந்து கற்றுக்கொண்டேன். பதினைந்து வயது. இரண்டு முறை படபடப்பு என்று என்னிடம் வந்தாள். இரண்டு முறையும் நான் பார்த்தபோது நாடி சாதாரணமாக இருந்தது. தேர்வு நேரம் வேறு. டென்ஷன்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாம் முறை அவளுடைய அம்மா ஒரு வீடியோவைக் காட்டினார். மகளின் கழுத்தில் நாடி துடிப்பதைப் பக்கத்திலிருந்து போனில் எடுத்திருந்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன், நிமிடத்துக்கு 210. அவளுக்கு இருந்தது எஸ்.வி.டி. இதயத்தின் மின்சாரம் போக வேண்டிய பாதையில் போகாமல் ஒரு குறுக்குப் பாதையில் சுற்றிச் சுற்றி வருவதுதான் அது. ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தக் குறுக்குப் பாதையைச் சுட்டு அடைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். அவள் முதல் முறை வந்தபோதே நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது இன்றும் எனக்கு உறுத்தல். அதனால் அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்கிறேன்.

எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி முடிகிறது?

பதற்றத்தில் வரும் படபடப்பு மேடு ஏறுவதுபோல் ஏறும், இறங்குவதும் அப்படித்தான். 'எப்போது நின்றது' என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எஸ்.வி.டி. அப்படியல்ல. ஸ்விட்ச் போட்ட மாதிரி ஒரே நொடியில் ஆரம்பிக்கும், ஒரே நொடியில் நிற்கும். வேகம் 180-க்கு மேல், சில நேரம் 220, 240. நாடியைப் பிடித்தால் எண்ண முடியாதபடி நழுவும். பயம் எதுவும் இல்லாதபோதும், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதும் வரும். பதற்றம் அதற்குப் பிறகு வரும், இதயம் அப்படி ஓடினால் யாருக்குத்தான் பதறாது? உனக்கு இருப்பது 118, 124, அதுவும் பயத்தோடு சேர்ந்து ஏறுவது. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் எஸ்.வி.டி. போலத் தெரியவில்லை. ஆனால் ஸ்விட்ச் மாதிரி ஒரு முறையாவது வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல். அதற்குச் சிகிச்சை உண்டு, பெரும்பாலும் முழுதாகக் குணமாகும்.

இன்னொன்று. நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருந்து, அடுத்தது 'தொம்' என்று இடிக்கிறதா? அது பெரும்பாலும் ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னால் வந்துவிடுவதால் நடப்பது. ஆரோக்கியமானவர்களுக்கும் வரும்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், பயத்தை விட்டுவிட்டு வெறும் ஆர்வத்தோடு செய். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரண்டு விரல்களை மெல்ல வை. நாடி கிடைத்ததும் மெதுவாக மூச்சை இழு, பிறகு மெதுவாக விடு. இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைவதும் விடும்போது தாமதிப்பதும் உன் விரலுக்கே தெரியும். உன் வயதில் இது நன்றாகவே தெரியும். இதைப் பார்த்து, துடிப்பு சீராக இல்லை என்று பயந்து வந்த பிள்ளைகள் உண்டு. உண்மையில் இது நல்ல இதயத்தின் அடையாளம். மூச்சோடு அது பேசிக்கொண்டிருக்கிறது. நீளமாக மூச்சை விட்டால் இதயம் இறங்கும் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே படபடப்பு வரும்போது இப்படிச் செய். எழுந்து உட்கார். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழு, ஆறு எண்ணும் வரை விடு. ஆழமாக இழுக்க முயலாதே, விடுவதை மட்டும் நீட்டு. ஐந்து நிமிடம். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லி இணையத்தில் பார்த்திருப்பாய், அது வேண்டாம். நுரையீரல் கோளாறு எதுவும் இருந்தால் அது ஆபத்து. 'இதை நிறுத்தியே ஆக வேண்டும்' என்று போராடாதே. வந்திருக்கிறது, பத்து நிமிடத்தில் இறங்கும், அதுவரை மூச்சை விட்டுக்கொண்டிருப்பேன் என்று விட்டுவிடு. விட்டுவிடும்போதுதான் அது இறங்கும்.

அந்த வாட்சை இரவில் கழற்றி வேறு அறையில் வை. அது தோலுக்குள் பச்சை ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. பட்டை தளர்ந்தாலும் கை அசைந்தாலும் தப்பாகக் காட்டும். அதைவிடப் பெரிய சங்கடம், ஒவ்வொரு முறை நீ பார்க்கும்போதும் அது வட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. இணையத் தேடலும் அப்படித்தான். நீ தேடும் வார்த்தைக்கு அது பதில் தருகிறது, உன்னைப் பார்த்துத் தருவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாரம், தினமும் காலையில் கண் விழித்ததும், எழுந்திருப்பதற்கு முன்னால், முழுதாக ஒரு நிமிடம் நாடியை விரலால் எண்ணி ஒரு தாளில் எழுது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். ஓய்வில் 60-இலிருந்து 100 வரை சாதாரணம். நன்றாக விளையாடுகிற பையனுக்கு 50 சொச்சம்கூட இருக்கலாம். அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோ. காலையில், பயமில்லாத நேரத்திலும் 100-க்கு மேலேயே நின்றால் ரத்தசோகை, தைராய்டு போன்றவற்றைப் பார்க்க ரத்தப் பரிசோதனை செய்வார்கள். படுத்திருந்துவிட்டு எழுந்து நின்றதும் ஒவ்வொரு முறையும் துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட 40-க்கு மேல் கூடி, அப்படியே நின்று, தலை சுற்றினால் அதையும் குறித்துக்கொள். அதற்கென்று தனியாக ஒரு காரணம் உண்டு, தனி வழியும் உண்டு.

எனர்ஜி டிரிங்கைப் பற்றி நீ போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். எனக்கு அது போகிற போக்கு வரி அல்ல. 250 மில்லி டின் ஒன்றில் சாதாரணமாக 80 மில்லிகிராம் காஃபின் இருக்கும், பெரிய டின்னில் அதைப்போல இரண்டு மடங்கும் இருக்கும். பதின்ம வயதில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது குழந்தைகள் நல மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. எனர்ஜி டிரிங்க் அறவே வேண்டாம் என்பதுதான் எங்கள் ஆலோசனை. இரவு எட்டு மணிக்குக் குடித்த காஃபினில் பாதி, நீ நள்ளிரவுக்குப் பின் படுக்கும்போதும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இன்றைக்கே நிறுத்து. தினமும் குடித்துக்கொண்டிருந்தால் சில நாள் தலை வலிக்கலாம், பிறகு போய்விடும். மூக்கடைப்புக்கு வாங்கும் சில சளி மாத்திரைகள், ஆஸ்துமா இன்ஹேலர், கவனக் குறைவுக்கான மாத்திரை இவையும் துடிப்பை ஏற்றும். ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் பெயரைச் சொல், நீயாக நிறுத்தாதே. நண்பர்களோடு வேப் பிடிக்கும் பழக்கம் இருந்தாலும் சொல்லிவிடு. நிகோடினும் இதைத்தான் செய்யும். மருத்துவர் உன்னைத் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

மருத்துவரிடம் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் பயம் குறையும். ரத்த அழுத்தம் பார்ப்பார். நெஞ்சில் நான்கைந்து இடத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் கேட்கலாம். விலா எலும்புகளை அழுத்திப் பார்ப்பார். பிறகு ஈசிஜி. சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொல்வார்கள். நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு என்று பத்து இடத்தில் பசை தடவியோ ஒட்டியோ கம்பிகளை இணைப்பார்கள். பசை ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். உனக்குள் மின்சாரம் எதுவும் போகாது. உன் இதயம் உண்டாக்கும் மின்சாரத்தை அது வெளியிலிருந்து எழுதிக்கொள்கிறது. இந்தக் கருவியைச் செய்த ஐந்தோவன் காலத்தில் இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதற்காக அவருக்கு 1924-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இப்போது பத்து நொடி அசையாமல் படுத்திருந்தால் போதும். குறுக்குப் பாதை இருக்கிறதா, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மீண்டும் தயாராக அளவுக்கு மீறி நேரம் எடுக்கிறதா, தசை தடித்திருக்கும் சாயல் உண்டா என்பதையெல்லாம் அந்தத் தாளில் பார்ப்போம். சந்தேகம் இருந்தால் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன், எடுப்பார்கள். படபடப்பு அடிக்கடி வந்தால், ஒரு நாளோ இரண்டு நாளோ உடம்பிலேயே கட்டிக்கொண்டு திரியும் சின்ன ஈசிஜி கருவி உண்டு, ஹோல்டர் என்பார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அதை நம்பு. இது கஷ்டம், எனக்குத் தெரியும். ஒரு வாரம் நிம்மதியாக இருக்கும். எட்டாம் நாள் இரவு, 'அன்றைக்கு அவர்கள் சரியாகப் பார்த்தார்களா' என்று தோன்றும். இன்னொரு ஈசிஜி எடுத்தால் இன்னொரு வாரம் நிம்மதி. இந்தப் பாதையில் போகாதே. புதிதாக ஏதாவது நடந்தால், அதாவது மேலே நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் மாறினால் மட்டும், திரும்பப் போ. மற்றபடி அந்தப் பயத்துக்கே தனியாக உதவி தேடலாம். மனநல ஆலோசகரோடு சில வாரம் பேசிப் பயிற்சி செய்தால், இந்த வட்டம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே அறுக்கலாம் என்று கற்றுக்கொள்ளலாம். நன்றாகப் பலன் தரும் சிகிச்சை அது. மருத்துவர் சரி என்றதும் ஃபுட்பாலுக்குத் திரும்பு. இத்தனை நாள் ஓடாமல் இருந்ததால் முதல் வாரம் இதயம் வேகமாகத்தான் அடிக்கும், மூச்சு வாங்கும். அது நோயல்ல, பழக்கம் விட்டுப்போனது. பத்து நிமிடத்தில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போ.

கடைசியாக அம்மா. வீட்டில் எல்லோரும் உடைந்திருக்கிறார்கள், அதனால் சொல்லவில்லை என்கிறாய். உன் பெரியப்பா உன் அப்பாவுக்கு அண்ணன். அந்த வீட்டில் எல்லோருக்கும் துக்கம் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது. நீ எழுதிய கடிதத்தில் உன் நெஞ்சைப் பற்றி நிறைய இருக்கிறது, பெரியப்பாவைப் பற்றி அவர் இறந்ததும் அவருடைய வயதும் மட்டும்தான் இருக்கின்றன. அவர் உனக்கு யாராக இருந்தார் என்று நீ எழுதவில்லை. ஒருவேளை அதைப் பேச அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் வாய் வரவில்லையோ என்னவோ. உன் அம்மாவோ அப்பாவோ இரவில் விழித்துக்கொண்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆளுக்கொரு அறையில் ஒரே பயத்தோடு படுத்திருக்கிறீர்கள்.

மூன்று மாதம் கழித்து யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரிய வந்தால்தான் அவருக்குத் தாங்காது. இன்றைக்கு நீயே சொன்னால் தாங்குவார். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்: "அம்மா, பெரியப்பா போனதிலிருந்து ராத்திரியில் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. சில நேரம் குத்துகிறது. பயமாக இருக்கிறது. பெரிதாக எதுவும் இருக்காது என்று ஒரு டாக்டர் சொன்னார், ஆனால் நேரில் ஒரு முறை காட்டி ஈசிஜி எடுக்கச் சொன்னார். என்கூட வர்றியா?" இவ்வளவு போதும். சொல்ல வாய் வரவில்லையென்றால் உன் கடிதத்தையும் இந்தப் பதிலையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

ஈசிஜி எடுத்த பிறகு எனக்கு எழுது. ஃபுட்பாலில் நீ எந்த இடத்தில் ஆடுவாய் என்று சொல்லவே இல்லை, அதையும் எழுது.